மேல் கண், கீழ்க் கண்

நவம்பர் 10, திங்கள்

இன்று கடையில் பதினோரு மூக்குக் கண்ணாடி. அதில் மூன்று பேர் "பழைய பிரேமையே வச்சுக் குடும்மா" ரகம். வளைந்து நெளிந்த பிரேமில் புது லென்ஸை உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலாளி மகேஷ் சிரிக்கிறார்: "கேமரான்னா மட்டும் ஒங்களுக்குப் பொறுமை பொத்துக்கிட்டு வருதே?" வருகிறதுதான். நான் என்ன செய்ய?

வீட்டுக்கு வந்ததும், மாலை வெளிச்சம் போவதற்குள், துறையூர்க்காரர் ஒருவர் சரிபார்க்கக் கொடுத்த கேமராவை முடித்தேன். லென்ஸின் உள்பக்கம் முழுக்க நரை நரையாகப் பூஞ்சை. மருந்துக் கடை பெராக்சைடு, சுத்தமான பஞ்சு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றி, அழுத்தாமல். நாலாவது பஞ்சில், கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்தது. அவ்வளவு தெளிவு! இந்த ஒரு நொடிக்காகத்தான் நாலு வருடமாக இந்தப் பைத்தியம்.

நவம்பர் 13

மழை. ஒரு ஸ்குரூ காணோம். வீட்டையே பெருக்கினேன். என் கொலுசில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

என் வீட்டுக்காரர் கலைச்செல்வன் பெரம்பலூர்–ஜெயங்கொண்டம் பஸ்ஸில் கண்டக்டர். எனக்கு வரும் கேமராக்களில் பாதி அவர் பஸ்ஸில்தான் வரும். இன்றும் ஒரு துணிப்பையை நீட்டினார்.

"ஜெயங்கொண்டத்துல ஒரு பொண்ணு குடுத்துச்சு. நீ போன்ல போடுற வீடியோ எல்லாம் பாக்குமாம்."

பையில் ஒரு கடிதம். எழுதியவள் பெயர் கீதாஞ்சலி. தை மாதம் 14ஆம் தேதி அவளுக்குக் கல்யாணம். அப்பாவுடைய பழைய கேமராவில் ஒரு ரோலாவது எடுக்க வேண்டுமாம். அப்பாவுக்குத் தெரியாது, அம்மாதான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம்.

உள்ளே இரட்டை லென்ஸ் கேமரா. தோல் உறைமேல் காய்ந்த சந்தனம், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் உறையோடு வைத்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள். சந்தனத்தைச் சுரண்டினால், கீழே வெள்ளை எழுத்து: நல்லு ஸ்டூடியோ, மீன்சுருட்டி.

கை அப்படியே நின்றுவிட்டது.

நல்லுசாமி. என் அப்பா அரியமுத்துவின் பழைய கூட்டாளி. இரண்டு பேருமாகத்தான் அந்த ஸ்டூடியோவை நடத்தினார்கள். 1992இல் நல்லுசாமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையே போட்டோக்காரர் என்றால் வேறு யார் எடுப்பது? அப்பாதான், இதே கேமராவில். மூன்று ரோல், ரோலுக்குப் பன்னிரண்டு படம். கழுவிப் பார்த்தால் முப்பத்தாறும் பாலை ஊற்றியது போல மூட்டம். ஒரு முகமும் தெரியவில்லை. கல்யாண வீட்டுச் சனங்கள் முன்னால் நல்லுசாமி சொன்னாராம், "ஒன் கைக்கு ராசியில்லடா".

கல்யாணத்தை நம்பிப் பிழைக்கும் தொழிலில் அந்த ஒரு வார்த்தை போதும். ஊரில் அவர் சொன்னால் எடுபடும், அப்பா சொன்னால் எடுபடாது. ஒருவரும் கூப்பிடவில்லை. அப்பா ஆண்டிமடத்துக்கு வந்து முந்திரிக் கன்று ஒட்டுக் கட்டும் வேலைக்குப் போனார். இன்று சொந்த நாற்றுப் பண்ணை. அவர் கட்டும் ஒட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிடிக்கும். ஆனால் கேமராவைத் தொடமாட்டார். என் கல்யாணத்தில் யாரோ செல்போனை நீட்டி "ஒரு போட்டோ எடுங்க பெரியப்பா" என்றபோது, சுடு பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். நான் மணவறையிலிருந்து பார்த்தேன்.

இதைத் திருப்பி அனுப்பிவிடட்டுமா?

நவம்பர் 17

அனுப்பவில்லை. கேமரா என்ன பாவம் செய்தது?

(எழுதிவிட்டேன். ஆனால் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது.)

நவம்பர் 23, ஞாயிறு

திறந்தேன். ஷட்டர் ஒட்டிக்கிடக்கிறது. மேல் லென்ஸிலும் கீழ் லென்ஸிலும் பூஞ்சை.

இந்த வகைக் கேமராவுக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கண். மேல் கண் நாம் பார்ப்பதற்கு. கீழ்க் கண்தான் படம் பிடிக்கும். எடுப்பவர் வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு ஏற்ப வைக்கும் அளவுகள்கூட மேலேயே சின்ன ஜன்னலில் தெரியும். முன்பக்கத்தைப் பார்க்கவே தேவையில்லை. எனக்கு இதைக் கையில் பிடித்திருப்பவர்களைப் பிடிக்கும். ஏதோ கும்பிடுவது போல நிற்பார்கள்.

கலைச்செல்வனுக்கு விளக்கினேன். "ஆக, ரெண்டு கண்ணுல ஒண்ணு சும்மா. நம்ம வூட்டுல டிவி பாக்குறப்ப நான் இருக்குற மாதிரி" என்றார்.

நவம்பர் 30, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

அப்பா பண்ணைக்கு மருந்து வாங்க டவுனுக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். எப்போதும் போல என் மேசைக்கு அருகில் வராமல் வாசற்படிப் பக்கம் நாற்காலி. அங்கிருந்தே காதால் தொழில் பார்ப்பார். நான் எந்தக் கேமராவின் ஷட்டரைத் தட்டினாலும், "அது நொடியில முப்பதுல ஒண்ணு இல்ல, இழுக்குது" என்பார். அளந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அந்தக் கேமராவைத் துண்டால் மூடித்தான் வைத்திருந்தேன். அவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறாரே என்று, பழக்கத்தில் கையைத் துண்டுக்குள் விட்டு, பிலிம் சுற்றும் பிடியை ஒரு சுற்று சுற்றிவிட்டேன். கர்ரக்… கடைசியில் ஒரு சின்ன 'டிக்'.

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"அது யாருது பிரியா?"

"ஒரு கஸ்டமருதுப்பா."

"முடிக்கையில ஒரு டிக்கு கேக்குதே. அது நல்லுவோடது."

நான் துண்டை இன்னும் இழுத்து மூடினேன். வாழைப்பூ வடை ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றுகூடத் தொடாமல், "பஸ்சுக்கு நேரமாச்சு, போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

எனக்கு என் மேலேயே எரிச்சல். வடை எல்லாவற்றையும் நானே தின்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன்.

மேல் லென்ஸ் பளிச்சென்று வந்துவிட்டது. கீழ் லென்ஸில் பூஞ்சை போனது, ஆனால் நடுவில் ஒரு வட்டம் மட்டும் போகவில்லை. நேராகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் பக்கம் சாய்த்தால் மட்டும் லென்ஸின் ஊதாப் பூச்சு அந்த இடத்தில் அரித்துப்போனது தெரிகிறது. பூஞ்சை இப்படி வட்டமாக வளராது. வேர் விட்டுத்தான் பரவும். இது என் மோதிர விரல் நுனி அளவு.

பிறகு முன் வளையத்தைக் கழற்றினேன். அதன் திருகு மரையில் ஏதோ மஞ்சள் கசடு, நடுநடுவே சிவப்பு. ஊசியால் எடுத்து வெள்ளைத் தாளில் தட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். முகர்ந்தேன்.

சந்தனம். குங்குமம்.

உறைமேல் இல்லை. உறைக்கு உள்ளே. கீழ்க் கண்ணின் நட்ட நடுவில், யாரோ கேமராவுக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள்!

அப்பா மேல் கண் வழியாகப் பார்த்திருப்பார். மேலே எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்திருக்கும். முன்னால் நின்ற அத்தனை சனமும் அந்தப் பொட்டைப் பார்த்திருக்கும். பார்த்து? நல்ல நாளில் கேமராவுக்குப் பொட்டு வைப்பது வழக்கம்தானே என்று லட்சணமாகச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கும்!

சமையல்கட்டுக்கு ஓடிப்போய்க் கலைச்செல்வனைப் பிடித்துக் குலுக்கினேன். கையில் கரண்டியோடு, "சாம்பார்… சாம்பார்…" என்றார்.

டிசம்பர் 9

நான் நினைப்பது நிஜம்தானா? நிரூபிக்காமல் அப்பாவிடம் வாய் திறக்கமாட்டேன். தப்பாகிவிட்டால் இரண்டாம் முறை அவரால் தாங்க முடியாது.

டிசம்பர் 14, ஞாயிறு

சோதனை நாள். சுத்தம் செய்த லென்ஸில் மறுபடி குங்குமம் வைக்க எனக்கென்ன பைத்தியமா? கடையில் பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை, ஓரம் தேய்க்கும் மெஷினில் வட்டமாக வெட்டி, கீழ்க் கண்ணுக்கு முன்னால் மூடி போல மாட்டினேன். அதன் நடுவில் மோதிர விரலால் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

பஸ் டிப்போ பக்கம், நல்ல வெயில், யூனிபார்மில் கலைச்செல்வன். பொட்டோடு ஆறு படம், பொட்டில்லாமல் ஆறு. குனிந்து பார்க்கும்போது எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை! இரண்டுக்கும் அதே தெளிவு. அதே தொப்பை. டிரைவர் சக்தி அண்ணன் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "பொட்டெல்லாம் வச்சு எடுக்குறீங்க, நல்ல சகுனந்தான்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் ஏழாவது படம் ஆடியிருக்கும்.

ரோலைக் கழுவச் சென்னைக்கு அனுப்பியாயிற்று.

டிசம்பர் 19

வரவில்லை.

டிசம்பர் 22

வரவில்லை. கூரியர்க்காரருக்கு என்னைக் கண்டாலே பயம்.

டிசம்பர் 26, வெள்ளி

வந்தது! முதல் ஆறும் பாலை ஊற்றியது போல மூட்டம். பஸ் எது, புருஷன் எது என்று தெரியவில்லை. அடுத்த ஆறில் சட்டைப் பட்டன் நூல்கூட எண்ணலாம். (ஏழாவது ஆடித்தான் இருக்கிறது.)

கடையில் எல்லார் முன்னாலும் அழுதேன். மகேஷ் லீவு கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஆண்டிமடம் போனேன். அப்பா முந்திரிக் கன்றுகளுக்கு நடுவே ஒட்டுக் கட்டிய நாடாக்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லாமல் பன்னிரண்டு படத்தையும் சாக்கின்மேல் பரப்பினேன். முதல் ஆறைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய படங்களை மறுபடி பார்த்தவர் போல.

"இது நீ எடுத்ததா?"

"ஒரே நாள், ஒரே வெயில், ஒரே அளவு. அந்த ஆறுக்கு மட்டும் கீழ் லென்ஸுல பொட்டு வச்சேம்ப்பா. அந்தக் கேமராவுல அப்படி ஒரு பொட்டு வச்ச தடம் இருக்கு. இன்னமும் இருக்கு."

ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய் அருகில் போனால், சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அம்மா குஞ்சம்மாள் என்னவோ ஏதோவென்று வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

"அப்ப அது என் தப்பு!" என்றார் அப்பா. சந்தோஷமாக!

"ஒங்க தப்பா? வச்சவங்க தப்பு!"

"இல்ல ஆயி. படம் புடிக்கிறவன் லென்ஸை ஒரு தடவ திருப்பிப் பாக்க வேணாமா? நான் பாக்கல. அவசரத்துல கழுத்துல மாட்டிக்கிட்டு ஓடிட்டேன். சுத்தமான தப்பு." மறுபடி சிரிப்பு. "ராசியில்லன்னா என்னா பண்ண முடியும், சொல்லு? கையை வெட்டியா போட முடியும்? தப்புன்னா திருத்திக்கலாம்ல!"

நான் இதை எதிர்பார்க்கவேயில்லை. வரும் வழியெல்லாம், நல்லுசாமியை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று வசனம் தயார் செய்துகொண்டு வந்தவள் நான். சொன்னேன். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் வருது. அந்த வூட்டுல இப்ப எதையும் கெளப்பாத. எனக்குத் தெரிஞ்சுது, போதும்."

உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது. பஸ்ஸில் வரும்போது பொருமிக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 1

ஷட்டர் பத்து வேக அளவிலும் சரியாக ஓடுகிறது. அந்த வட்டத் தடம் படத்தில் விழாது. வேலை முடிந்தது. என் வாய்தான் அரிக்கிறது.

ஜனவரி 3, சனி

கடைக்கு ஓர் அம்மா வந்தார். அறுபதை நெருங்கும் வயது, வெள்ளெழுத்து. ஊர் ஜெயங்கொண்டம் பக்கம் என்றார்; அங்கே இல்லாத கண்ணாடிக் கடையா பெரம்பலூரில்? எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொன்னால் என்னையே பார்த்தார்.

"நீ அரியமுத்து மவதானே? மூக்கு அப்படியே இருக்கு. நான் சாந்தா. மீன்சுருட்டி. கீதாஞ்சலிக்கு அம்மா."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். கை என்னவோ மரியாதையாகத்தான் இழுத்தது.

"கேமராவை ஒன்கிட்ட அனுப்பச் சொன்னதே நாந்தாம்மா. போன ஆயுத பூஜையில எம்பொண்ணு உறையைத் தொறந்து காட்டுனா. மேல இருக்கறது பாக்குறதுக்கு, கீழதான் படம் புடிக்கும்னா. அப்பதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு." குரல் இறங்கிவிட்டது. "லென்ஸுல ஏதாச்சும் இருந்துச்சா?"

எதையும் கிளப்பாதே என்று அப்பா சொன்னது இருக்கிறது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. கேமராவை எடுத்து அவர் மடியில் வைத்தேன். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அவர் பார்த்தார். வலது கை மோதிர விரலை மெதுவாகக் கொண்டுபோனார். கண்ணாடியைத் தொடவில்லை; ஒரு நூல் இடைவெளியில் நிறுத்தினார். அளவு சரியாக இருந்தது.

"கல்யாணத்தன்னிக்கு விடியக்காலம். 'வூட்டுக்கு வர்ற மகராசி கையால இதுக்கும் ஒரு பொட்டு வைக்கட்டும், இதானே நமக்குச் சோறு போடுது'ன்னு மாமியா சொன்னாங்க. ரெண்டு கண்ணு இருந்துச்சு. மேல வச்சா அது பாக்க முடியாதேன்னு கீழ வச்சேன். யோசிச்சுத்தாம்மா வச்சேன்!"

நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மூணாம் நாளு கேமரா வூட்டுக்கு வந்துச்சு. சந்தனம் காஞ்சு உதிர்ந்து கெடந்துச்சு. அவரு பாத்தா திட்டுவாருன்னு முந்தானையால தொடச்சுட்டேன். அதுக்கப்புறந்தான் படம் வந்துச்சு, சண்டை வந்துச்சு. நான் ரெண்டையும் முடிச்சே போட்டுப் பாக்கல." அழுதார். "ஒங்கப்பன் பொழப்பையில்ல தொடச்சுட்டேன்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தானே நான் ஒரு மாதமாகத் துடித்தேன்? கேட்டதும் இனிக்கவேயில்லை. அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா சிரித்த சிரிப்பைச் சொன்னேன். நம்பவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

கிளம்பும்போது பன்னிரண்டு படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "அவருகிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா அது புகாரு. நான் சொன்னாத்தான் சரியா இருக்கும்."

கண்ணாடியும் வாங்கினார். +1.75.

ஜனவரி 6

மீன்சுருட்டியிலிருந்து சத்தமே இல்லை. கலைச்செல்வன் ஜெயங்கொண்டத்தில் விசாரித்தாராம்: நல்லுசாமி இரண்டு நாளாகக் கடை திறக்கவில்லை. கெடுத்துவிட்டேனா?

ஜனவரி 9, வெள்ளி

அம்மா போன். அப்படியே எழுதுகிறேன்.

"காலையில நல்லுசாமி வந்தாருடி. பண்ணையில இருபது நிமிசம் கன்னுகளையே பாத்துக்கிட்டு நின்னாரு. ஒங்கப்பாவும் கன்னுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே நிக்கிறாரு. அப்புறம் அவரு, 'பத்து கன்னு குடு'ன்னாரு. இவரு, 'இது நடுற காலமில்ல, போயி ஆடியில வா'ங்கிறாரு. அதுக்கு அவரு, 'ஆடி வரைக்கும் என்னால இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இருக்க முடியாதுடா அரியா'ன்னு சொல்லிட்டு அங்கேயே உக்காந்து அழுவுறாரு. இவரு தண்ணிக் கொழாயை மூட மறந்துட்டாரு. பண்ணை பூரா சேறு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டு பேரும் சோறு தின்னாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நீதான் எடுக்கணும்னாரு. ஒங்கப்பா, 'யோசிக்கிறேன்'னு முறுக்கிக்கிட்டாரு. அவரு போனதும் என்கிட்ட, 'அந்த நல்ல சட்டையை எங்க வச்சே?'ங்கிறாரு."

ஜனவரி 18

அப்பா வீட்டுக்கு வந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையருகில் போட்டார். கேமராவைக் கையில் வாங்கினார். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவருக்குத்தான் நம்பிக்கை வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

வடை எட்டு. எனக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஜனவரி 28, புதன்

கீதாஞ்சலி கல்யாணம், மீன்சுருட்டி. கலர் கலராக நாலு பேர் டிஜிட்டல் கேமராவோடு சுற்றினார்கள். அவர்களுக்கு நடுவில் இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா, வயிற்றுக்கு நேரே இரட்டைக் கண் கேமரா. அவரைக் குறுக்கே மறைத்த ஒரு டிஜிட்டல் தம்பியை நல்லுசாமியே தோளைப் பிடித்து நகர்த்தினார்.

முகூர்த்தத்துக்கு முன்னால் சாந்தா அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். அப்பா கேமராவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். நல்லுசாமி "அடியேய்!" என்றார். நானும் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். பந்தலே திரும்பிப் பார்த்தது.

சாந்தா அம்மா யாரையும் சட்டை செய்யவில்லை. மோதிர விரலைக் கிண்ணத்தில் தொட்டு, அப்பாவின் நெற்றியில் வைத்தார். அதன்மேல் குங்குமம். "இப்ப எடுங்க அண்ணே" என்றார்.

அப்பா கேமராவைத் திருப்பி, லென்ஸை ஒரு முறை பார்த்து, துணியால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு, குனிந்தார்.

பிப்ரவரி 7, சனி

படங்கள் வந்துவிட்டன. பன்னிரண்டில் பதினொன்று கண்ணாடி மாதிரி. ஒன்று மட்டும் ஆடியிருக்கிறது. நல்லுசாமியும் சாந்தா அம்மாவும் பழைய கல்யாணப் படத்துக்குப் பதிலாக மாலை மாற்றிக்கொண்டு நின்ற படம் அது. படம் பிடித்தவர் சிரித்திருக்கிறார். அதைத்தான் பெரிதாகப் போட்டு மாட்டப் போகிறார்களாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கலைச்செல்வன் வந்து சொன்னது: இன்று ஜெயங்கொண்டத்தில் அப்பாவும் நல்லுசாமியும் அவர் பஸ்ஸில் ஏறினார்கள். உடையார்பாளையத்தில் ஒரு வளைகாப்புக்குப் படம் எடுக்க அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கேமரா அப்பா மடியில். பகல் பதினொரு மணி வெயிலுக்கு எந்த அளவு வைப்பது என்று இரண்டு பேருக்கும் ஜன்னல் அதிரச் சண்டை. இவர் "உடையார்பாளையம், உடையார்பாளையம்" என்று இரண்டு தரம் கத்தியும் காதில் விழவில்லை. அரியலூர் போய்த்தான் இறங்கினார்களாம்.

எதிர் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். திரும்பிப் போக டிக்கெட் எடுக்க மாட்டோம், தப்பு கண்டக்டருடையது என்று அப்பா சொல்லிவிட்டாராம்.